சாந்தியாகோவில் துவரைக்குப் பெயர் குவாந்துல்

கரீபியத் தீவு ஒன்றில் இருக்கும் டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோ நகரில் போய் இறங்கிய முதல் வாரம். குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு மூலைக்கடை. ஊரில் மூன்று மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்த ஸ்பானிஷில் "நரான்ஹா இருக்கிறதா?" என்று கேட்டேன். நரான்ஹா என்றால் ஆரஞ்சு. கடைப் பையன் உள்ளே போய், தோல் தடித்து மேடும் பள்ளமுமாக இருந்த நாலு பழங்களை எடுத்து வந்து கொடுத்தான். அறைக்கு வந்து ஒன்றைப் பிழிந்து குடித்தால் கண் தானாக மூடிக்கொண்டது. அத்தனை புளிப்பு, அதற்கடியில் ஒரு கசப்பு. எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற நாரத்தை மரம்தான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். "இது இறைச்சியில் தடவி ஊறவைக்கிற காய் மிஹோ. ஜூஸ் போடுவதற்கு என்றால் சீனா என்று கேட்கணும்" என்றார். மிஹோ என்றால் மகனே. சீனா என்றால் சீனாவேதான். அந்த ஊரில் இனிப்பு ஆரஞ்சுக்கு நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள், அது சீனாவிலிருந்து புறப்பட்டு வந்த பழம் என்பதால்.

பிற்பாடு தேடிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. நரான்ஹா என்ற சொல் ஸ்பானிஷுக்கு அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகம் கொடுத்தது. பாரசீகத்துக்கு வடமொழியின் நாரங்கம். அந்த நாரங்கத்துக்கும் வேர் திராவிட மொழிகளில், நம் நாரத்தை பக்கம், இருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. 1493இல் கொலம்பஸ் இரண்டாம் முறை அந்தத் தீவுக்கு வந்தபோது எலுமிச்சை, நாரத்தை வகை விதைகளையும் கப்பலில் கொண்டுவந்தார். அப்படிப் பார்த்தால் கடைப் பையன் எனக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. நான் சொன்ன பெயருக்கு உரிய பழத்தைத்தான் கொடுத்திருக்கிறான்.

அந்த நாலு பழத்தில் ஆரம்பித்ததுதான். அன்றிலிருந்து அங்கே எதைச் சாப்பிட்டாலும் அதன் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு நோட்டு நிரம்பியது. அவற்றைப் புரட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

டொமினிக்கன் குடியரசு என்பது கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா தீவின் கிழக்குப் பகுதி. மேற்கே ஹெய்ட்டி. டொமினிக்கா என்று இன்னொரு குட்டித் தீவு இருக்கிறது, அது வேறு நாடு. சாந்தியாகோ இங்கே இரண்டாவது பெரிய நகரம். அதன் சுற்றுவட்டாரத்துக்கு சிபாவோ என்று பெயர், நெல்லும் வாழையும் புகையிலையும் விளையும் சமவெளி. அங்கே ஒரு சுதந்திர வர்த்தக வளாகத்தில் இருந்த ஆடைத் தொழிற்சாலையில் 2016 முதல் 2018 வரை தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தேன். திருப்பூரில் பத்து வருடம் பனியன் தையலைப் பார்த்த கண்ணுக்குக் கிடைத்த வேலை.

நான் படித்துப்போன ஸ்பானிஷ் தொழிற்சாலைக்குப் போதும். சமையலறைக்குப் போதாது. முதலில் உச்சரிப்பே வேறு. சிபாவோக்காரர்கள் சொல்லின் கடைசியில் வரும் ர-வை இ ஆக்கிவிடுவார்கள். சாப்பிடு என்பதற்கு கொமெர் என்று நான் படித்திருந்தேன், அவர்கள் வாயில் அது கொமேய். தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் அதையே கொமெல் என்பார்கள். கடைசி ஸ் எங்கேயும் காதில் விழாது. அடுத்தது, பொருள்களின் பெயர்களே வேறு. பப்பாளி என்று நான் சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் அவர்கள் சொல்வது லெச்சோசா. லெச்சே என்றால் பால். காம்பைக் கிள்ளினால் பால் வடிகிற பழம், அவ்வளவுதான். இவ்வளவு நேரான பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. பரங்கிக்காய் அவுயாமா. சௌசௌ தயோத்தா. வெண்டைக்காய்க்கு மொலொந்திரோன் என்று ஒரு பெரிய பெயர். கீரை, காய்கறி எல்லாவற்றுக்கும் பொதுவாக வெர்துரா என்று படித்திருந்தேன். அங்கே வெர்துரா கேட்டால் ஒரு கொத்து மல்லித்தழையைக் கையில் கொடுப்பார்கள்.

மூலைக்கடைக்கு கொல்மாதோ என்று பெயர். ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருக்கும். இரண்டு பல் பூண்டு வாங்கலாம். ஒரு கரண்டி தக்காளி விழுது வாங்கலாம், பிளாஸ்டிக் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். எண்ணெயை வீட்டுப் பாட்டிலில் ஊற்றி வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தருவான். மாலையானால் கடைக்கு முன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பச்சாத்தா பாட்டு ஓடும், டோமினோ ஆட்டம் நடக்கும். கணக்கு நோட்டில் கடன் எழுதிக்கொள்வார்கள், அதற்கு ஃபியாவோ என்று சொல். பத்து எலுமிச்சை வாங்கினால் பதினொன்றாவதாக ஒன்றைத் தூக்கிப் போடுவார்கள். அதன் பெயர் ஞாப்பா. தென் அமெரிக்க மலை மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்த சொல். கொசுறு என்பதற்கு இத்தனை பொருத்தமாக இன்னொரு சொல்லை வேறெந்த மொழியிலும் நான் கேட்டதில்லை. அதைக் கற்றுக்கொண்ட அன்று மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அப்புறம் வாழைக்காய். இதைச் சொல்லாமல் அந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது. பழமாக உரித்துத் தின்பது கினேயோ. சமைப்பது பிளாத்தனோ, நம் நேந்திரங்காய் மாதிரி பெரியது. காயாக இருந்தால் ஒரு பேச்சு, பாதி பழுத்தால் பிந்தோன் என்று தனிப்பெயர், முழுக்கப் பழுத்தால் மதுரோ. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு வகைகள், வாழைக்காய் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வீவெரெஸ் என்று ஒரே சொல். உயிர் வாழத் தேவையான சாமான் என்று அதற்கு அர்த்தம். சங்கோச்சோ என்ற விருந்துக் குழம்பில் இத்தனையும் இறைச்சியோடு சேர்ந்து வேகும். விசேஷ நாளில் ஏழு வகை இறைச்சி போடுவார்கள்.

காலையில் மங்கூ. பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வெண்ணெய் போட்டு மசிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா மசிக்கும்போது குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். அப்படிச் செய்தால்தான் ஆறினாலும் இறுகாது என்பார். நான் வெந்நீர் ஊற்றிச் செய்து பார்த்தேன், அரை மணி நேரத்தில் களியைப் போலக் கட்டியாகிவிட்டது. மேலே வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயம். பக்கத்தில் பொரித்த சலாமி, பொரித்த பாலாடைக்கட்டி, முட்டை. இந்த மூன்றும் சேர்ந்தால் லோஸ் திரெஸ் கோல்பெஸ், மூன்று அடி. அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது.

மங்கூ என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. 1916 முதல் 1924 வரை அமெரிக்கப் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, ஒரு சிப்பாய் இதைத் தின்றுவிட்டு "மேன், குட்" என்றானாம், அதுவே மங்கூ ஆனதாம். தொழிற்சாலையில் என்னிடம் நாலு பேராவது இதைச் சொல்லியிருப்பார்கள். எனக்கு இந்தக் கதை ஒப்பவில்லை. வாழைக்காயை வேகவைத்து மசிக்கிற பழக்கம் அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு வந்தது. பெயரும் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்தவர்களின் சாப்பாடு அது. எட்டு வருடம் இருந்துவிட்டுப் போன படைக்கு அதன் பெயரைத் தூக்கிக் கொடுப்பது நியாயமில்லை.

வெளியூர்க்காரன் ஒருவன் அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் பழகிவிட்டால் அவனுக்கு ஒரு பெயர் உண்டு: அப்லாத்தனாவோ. பிளாத்தனோவிலிருந்து வந்தது. வாழைக்காயாகவே ஆகிவிட்டவன். எட்டாவது மாதம், கொல்மாதோ பையன் என்னை அப்படிக் கூப்பிட்டான். அன்று இரவு வீட்டுக்குப் போன் செய்தபோது முதலில் சொன்ன விஷயமே அதுதான்.

மதியச் சாப்பாட்டின் பெயர் லா பந்தேரா, கொடி. வெள்ளைச் சோறு, சிவப்பு பீன்ஸ் குழம்பு, இறைச்சி. தேசியக் கொடியில் சிவப்பு, நீலம், வெள்ளை. நீலத்துக்குத் தட்டில் எது என்று கேட்டுவிடக் கூடாது, மூன்றும் சேர்ந்தால் கொடிதான். பீன்ஸுக்கு அபிச்சுவேலா என்று பெயர். ஸ்பெயினில் பல இடங்களில் அதே சொல் பச்சை பீன்ஸைக் குறிக்கும். பன்னிரண்டு மணி அடித்தால் தெருவே மணக்கும்.

அந்த மணம் பாதி சோற்றுப் பானையிலிருந்து வருவது. பானை என்றால் கல்தேரோ, வார்ப்பு அலுமினியத்தில் அடி கனமாக இருக்கும். வீட்டுக்காரம்மாவின் கல்தேரோ அவருடைய அம்மாவுடையது, வெளிப்பக்கம் கரி ஏறி, கைப்பிடி ஒன்று தேய்ந்து போயிருந்தது. தண்ணீரில் உப்பும் எண்ணெயும் ஊற்றிக் கொதிக்கவிட்டு அரிசியைப் போடுவார். தண்ணீர் வற்றும்வரை கிளறல். அப்புறம் தீயைத் தணித்து மூடிவிடுவார். நடுவில் ஒரே ஒரு தரம் திறந்து மேல் சோற்றைப் புரட்டுவார், அடியைத் தொடமாட்டார். அதன் பிறகு மூடியைத் திறந்து பார்க்கவே மாட்டார். காதை வைத்துக் கேட்பார். அடியில் எண்ணெய் மெதுவாகப் படபடக்கிற சத்தம் நின்று, ஒரு வறுபட்ட வாசனை வந்ததும் அடுப்பை அணைப்பார். மேல் சோற்றை அள்ளி எடுத்த பிறகு அடியில் பொன் நிறத்தில், அடை மாதிரி மொறுமொறுவென்று ஒரு படலம் இருக்கும். அதுதான் கொங்கோன்.

எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் அது கவனக்குறைவு. அம்மா யார் கண்ணிலும் படாமல் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிடுவார். அங்கே அடி பிடிக்காத சோறுதான் கவனக்குறைவு. ஆனால் கருகவும் கூடாது. பொன்னுக்கும் கருப்புக்கும் இடையில் நிறுத்துகிற கைப்பக்குவம்தான் சமையல்காரியின் பெருமை. கெட்டியான இரும்புக் கரண்டியால் கல்தேரோவின் அடியைச் சுரண்டுகிற சத்தம் சுவர் தாண்டி என் அறைக்குக் கேட்கும். கொங்கோன் தனித் தட்டில் வரும், அதன் மேல் அபிச்சுவேலா குழம்பை ஊற்றிக்கொள்வார்கள். யாருக்கு எவ்வளவு என்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பேரன். அப்புறம் மகள். விருந்தாளிக்கு மேலாக இருக்கும் வெள்ளைச் சோற்றைத்தான் வைப்பார்கள், அது மரியாதை. ஆறு மாதம் நான் மரியாதையாகவே சாப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை என் தட்டில் வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். நான் அதைக் கடித்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

தீவின் மிகப் பழைய சாப்பாடு கசாபே. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த தாயினோ மக்களின் ரொட்டி. கசப்பு மரவள்ளியைத் துருவி, பிழிந்து, அதிலிருக்கும் நஞ்சு கலந்த சாற்றை வெளியேற்றி, மாவைக் காயவைத்து, பெரிய வட்டக் கல்லில் பரப்பிச் சுடுவார்கள். உப்பைத் தவிர வேறொன்றும் வேண்டாம். மாதக்கணக்கில் கெடாது. அதனாலேயே ஸ்பானியக் கப்பல்களுக்கு அதுவே பயண ரொட்டி ஆனது. துருவுகிற பலகைக்கு குவாயோ, சுடுகிற கல்லுக்கு புரேன் என்று தாயினோ பெயர்களையே இன்றும் சொல்கிறார்கள். நோயும் கொடுமையும் சேர்ந்து அந்த மக்களைச் சில பத்தாண்டுகளிலேயே அநேகமாகத் துடைத்தெடுத்துவிட்டன. அவர்கள் மொழியை இன்று யாரும் பேசுவதில்லை. ஆனால் அடுப்படியில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. சாந்தியாகோவுக்கு மேற்கே மோன்சியோன் என்ற ஊருக்கு ஒரு சனிக்கிழமை போய் இதைப் பார்த்தேன். கல்லின் மேல் மாவைக் கையால் வட்டமாக இழுத்துவிட்ட ஒரு அம்மாள், அது என்ன கல் என்று கேட்டதற்கு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "புரேன்" என்றார். ஐந்நூறு வருடத்துக்கு முன் அதே வேலையைச் செய்த ஒருத்தியும் அதே பெயரைத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கசாபே செய்யும் மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கியூபா, ஹெய்ட்டி, ஹோண்டுராஸ், வெனிசுலா ஆகிய நாடுகளோடு டொமினிக்கன் குடியரசும் சேர்ந்து பெற்றது அது. செய்தியைப் படித்ததும் அந்த அம்மாளின் வெந்து சிவந்த விரல் நுனிகள்தான் கண்ணில் வந்து நின்றன.

மற்றவர்கள் கொண்டுவந்ததும் உண்டு. ஆங்கிலம் பேசும் பக்கத்துத் தீவுகளிலிருந்து கரும்பாலை வேலைக்கு சான் பெத்ரோ தே மக்கோரிஸ் பக்கம் வந்தவர்களின் ஜானி கேக் என்ற மாவுப் பண்டம், யானிக்கேக்கே ஆனது. கடற்கரையில் தட்டு அகலத்துக்குப் பொரித்துத் தருவார்கள். லெபனான், சிரியாவிலிருந்து வந்தவர்களின் கிப்பே, அதாவது கோதுமை ரவையும் இறைச்சியும் சேர்த்துப் பொரித்த பண்டம், கீப்பே என்ற பெயரில் தெருவோரக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். முட்டைக்கோஸ் இலையில் சோறும் இறைச்சியும் சுருட்டி வேகவைப்பதும் அவர்களுடையதே, அதற்கு நின்யோஸ் என்வுவெல்த்தோஸ், துணி சுற்றிய குழந்தைகள், என்று பெயர். ஆரஞ்சுச் சாற்றில் குளிர்ந்த பாலும் சர்க்கரையும் பனிக்கட்டியும் சேர்த்தால் மொரிர் சொன்யாந்தோ, கனவு கண்டபடியே சாவது. பால் திரியாமல் கலக்கிக் கொடுப்பவர்கள் கையைத் தொட்டுக் கும்பிடலாம்.

தவக்காலம் வந்தால் அபிச்சுவேலாஸ் கோன் துல்சே. இனிப்பு பீன்ஸ் என்று முதலில் கேட்டபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை. சிவப்பு பீன்ஸை ராத்திரியே ஊறவைத்து, குழைய வேகவைத்து, அரைத்து வடிகட்டுவார்கள். அதில் தேங்காய்ப்பால், சுண்டிய டின் பால், சர்க்கரை, பட்டை, கிராம்பு. சர்க்கரைவள்ளித் துண்டுகளும் திராட்சையும் சேர்த்துக் கொதித்து இறக்கியதும், சிலுவை அச்சு வைத்த சின்ன வட்டப் பால் பிஸ்கட்டுகளை மேலே மிதக்கவிடுவார்கள். பாயசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது பிடிபட இரண்டு வாய் போதும். யாரும் தனக்கென்று அளந்து செய்வதில்லை. பெரிய பானையில் கிண்டி, ஐஸ்கிரீம் டப்பாவிலும் தயிர் டப்பாவிலும் ஊற்றி, தெரு முழுக்கக் கொடுத்தனுப்புவார்கள். வீட்டுக்கு வீடு பதம் வேறு. ஒருவர் கிராம்பைத் தூக்கலாகப் போடுவார், இன்னொருவர் பானகம் போலத் தண்ணீராக விடுவார். 2017 பெரிய வெள்ளியன்று என் குளிர்ப்பெட்டியில் ஏழு டப்பா இருந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து தனியாக இருந்தவனுக்கு, ஏழு வீட்டில் ஏழு பேர் நினைத்துக்கொண்டு கரண்டியை நீட்டியிருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

அந்த வருடம் டிசம்பரில்தான் குவாந்துல் கண்ணில் பட்டது. தெருமுனையில் ஒரு பெரியவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காய் உரித்துக்கொண்டிருந்தார். பச்சைக் காய், அதில் செம்பழுப்புக் கோடு. கிட்டே போய் ஒன்றை எடுத்துக் கிள்ளினேன். பச்சைத் துவரை. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் தை மாதம் உப்புப் போட்டு வேகவைத்து, திண்ணையில் உட்கார்ந்து உரித்து உரித்துத் தின்போமே, அதே காய், அதே பிசுபிசுப்பு, அதே வாசனை. இந்தியாவில் முதன்முதலில் பயிரான செடி. கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களில் கரீபியத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. கொங்கோ பகுதியின் கிக்கொங்கோ மொழியில் அதற்கு வாந்து என்று பெயர், அதுதான் இங்கே குவாந்துல் ஆகிவிட்டது. நம் பக்கத்திலிருந்து செடி கிளம்பியது, பெயரை வழியில் விட்டுவிட்டு வேறு பெயரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. நாரத்தைக்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

டிசம்பர் 24 இரவு, நோச்சேபுவேனா, அங்கே தீபாவளி போல. பன்றியை முழுசாகச் சுட்டு, தெலேரா என்ற ரொட்டி வாங்கி, தேங்காய்ப்பாலில் அரிசியையும் பச்சைத் துவரையையும் சேர்த்து மோரோ தே குவாந்துலேஸ் வடிப்பார்கள். அன்று வீட்டுக்காரம்மா வீட்டில் முப்பது பேர். நான் இரண்டு கிலோ துவரை உரித்துக் கொடுத்தேன். வேகமாக உரிக்கிறாயே என்று அவர் மகள் ஆச்சரியப்பட்டாள். பாட்டி வீட்டுப் பழக்கம் என்றேன். "உங்கள் ஊரிலும் குவாந்துலே உண்டா?" என்று கேட்டார்கள். அங்கேயிருந்துதான் வந்தது என்று சொன்னதும் முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

புது வருடம் கழிந்து ஒரு ஞாயிறு, மிச்சமிருந்த பச்சைத் துவரையையும் அரிசியையும் போட்டுச் சாம்பார் சாதம் செய்தேன். புளி அங்கேயே கிடைக்கிறது, தமரிந்தோ என்று. சாம்பார்ப் பொடி அம்மா கொடுத்தனுப்பியது. அவுயாமாவும் மொலொந்திரோனும் போட்டேன். பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரம்மாவின் மேஜையில் வைத்தேன். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார், கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது அசொப்பாவோ" என்றார். அரிசியைத் தளதளவென்று குழம்பாகவே சமைப்பதற்கு அங்கே உள்ள பெயர் அது. குவாந்துல் போட்ட அசொப்பாவோ அவர் அம்மா செய்ததாம். "என் அம்மா புளி போடமாட்டார். நீ போட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறது."

இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். பேரனும் சாப்பிட்டான். பாத்திரம் காலியானதும் எழுந்து போய் அந்த இரும்புக் கரண்டியை எடுத்து வந்தார். என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அடியைச் சுரண்டினார். தீ கொஞ்சம் அதிகமாகி, பழுப்பாகப் பிடித்திருந்தது, பருப்பும் புளியும் மசாலாவும் சேர்ந்து. உடையாமல் ஒரே தகடாக வந்தது. அதை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.